தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்ததுமே நம் வீடுகளில் ஒரு கலக்கம் தோன்றுகிறது. தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள், பெரியவர்கள், "பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டா இல்லை?" என்பார்கள். அந்தக் கலக்கத்தை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் நான் இங்கே எழுதப்புகுவது போர்க்களத்துத் துப்பாக்கியைப் பற்றியன்று. வேட்டைத் துப்பாக்கியைப் பற்றியுமன்று. 10 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒரு சிறு வட்டத்தின் நடுப்புள்ளியைத் தொடுவதற்கென்றே செய்யப்பட்ட காற்றுத் துப்பாக்கி ஒன்றை 13 வயதுச் சிறுமிக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என் தலையில் விழுந்தது. பிள்ளையின் விருப்பத்துக்கும் குடும்பத்தின் கையிருப்புக்கும் இடையே நின்று தவிக்கும் பெற்றோர் வேறு சிலரும் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில் அந்த விளையாட்டின் அளவைச் சொல்லிவிட வேண்டும். குறியட்டையில் உள்ள கரிய வட்டத்தின் குறுக்களவு 30.5 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயத்தைக் காட்டிலும் சற்றே பெரியது. அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கு உரிய புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் வரியின் முற்றுப்புள்ளி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை கிராம் எடையுள்ள ஈயப் பெல்லட், விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் சென்று அதைத் தொட வேண்டும். பெல்லட்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர் என்பதால் அதன் விளிம்பு புள்ளியை உரசினாலும் பத்துதான். ஆனால் இக்காலத்து மின்னணு இலக்குகள் அத்துடன் விடுவதில்லை. பத்தினுள்ளும் பத்தாகப் பகுத்து 10.9 வரை கணக்கிடுகின்றன. நின்றபடியே 60 குண்டுகள். அதற்கு 75 நிமிடங்கள். முன்பு பெண்களுக்கு 40 குண்டுகளாக இருந்தது. 2018 முதல் அவர்களுக்கும் 60.

1984 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில்தான் இப்போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. 2008 இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இதில் வென்ற பொன், தனிவீரர் ஒருவர் நம் நாட்டுக்குக் கொணர்ந்த முதல் ஒலிம்பிக் பொன். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் ரியோ உலகக் கோப்பையில் வென்றபோது நம் செய்தித்தாள்களில் அவர் படம் வந்தது. என் தங்கை மகள் அந்தப் படத்தைக் கத்தரித்துத் தன் கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டிவைத்திருந்தாள். பின்னர் 2024 இல், பாரிஸில், பான் ஹியோ-ஜின் என்ற 16 வயதுக் கொரியச் சிறுமி பொன் வென்றாள். அவள் துப்பாக்கியைக் கையில் எடுத்தது 2021 இல்தான் என்று எங்கோ படித்த என் மைத்துனருக்கு, அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

அவர் ஒரு சிறு அச்சகம் வைத்திருப்பவர். ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். மகள் எட்டு மாதங்களாக நகரத்து ரைபிள் கிளப்பில், கிளப்புக்குச் சொந்தமான பழைய துப்பாக்கியில் பயின்றுவந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் வந்தார். "மச்சான், நீங்கள் கல்லூரியில் என்.சி.சி. அதிகாரியாக இருந்தவர். துப்பாக்கி உங்களுக்குத் தெரியும். ஒரு கடைக்காரர் ஜெர்மனித் துப்பாக்கி ஒன்று காட்டுகிறார். பெரியவர்கள் சுடுவது. இலட்சக்கணக்கில் ஆகிறது. மனையைக் கொடுத்துவிட்டால் வாங்கிவிடலாம். இப்போது கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். பிள்ளை வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்."

வளர வளரச் சரியாகிவிடும்! பெருநாளுக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது நாம் எல்லோரும் தையற்காரரிடம் சொல்லும் சொல் இது. இரண்டு விரற்கடை கூடுதலாக வைத்துத் தைத்தால் அடுத்த பெருநாளுக்கும் ஆகும். சட்டைக்கு அது பொருந்தும். இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

நான் மாணவர்களுக்குக் கற்பித்த .22 ரைபிள் தரையில் படுத்துச் சுடுவது. துப்பாக்கியின் பாரத்தை முழங்கைகள் வழியே நிலம் தாங்கும். குட்டையானவனுக்கும் நெட்டையானவனுக்கும் ஒரே துப்பாக்கிதான். பொருந்தாவிட்டால் பையன்தான் உடலை நெளித்துப் பொருந்திக்கொள்ள வேண்டும். படைமுறை அப்படி. காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலோ நிற்க வேண்டும். ஊன்றுகோல் கிடையாது. துப்பாக்கியைத் தாங்கும் கையின் முழங்கை இடுப்பெலும்பின்மேல் அமர, பாரம் எலும்பின் வழியே காலுக்கு இறங்க வேண்டும். தசை தாங்கினால் நடுங்கும். எலும்பு தாங்கினால் நிற்கும். முன்னே நீண்டிருக்கும் பாரத்துக்கு ஈடாக முதுகைச் சற்றுப் பின்னே சாய்த்து, இடுப்புக்கு மேலே உடலை லேசாக முறுக்கி நிற்பார்கள். சர்வதேச விதி துப்பாக்கியின் எடைக்கு 5.5 கிலோவை மேல்வரம்பாக வைத்திருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்த வீரர்கள் அந்த வரம்பை ஒட்டி எடைத்துண்டுகளைச் சேர்த்துக்கொள்வதுண்டு. பாரம் கூடினால் அசைவு குறையும் என்பது அவர்கள் கணக்கு. 38 கிலோ எடையுள்ள சிறுமியின் கையில் அதே பாரத்தைக் கொடுத்தால், அவள் இன்னும் அதிகமாகப் பின்னே வளைவாள். அந்த வளைவைத் தாங்குவது, இன்னும் வளர்ந்து முடியாத கீழ்முதுகு. ஒரு நாள் அல்ல, நாள்தோறும் ஒன்றரை மணி நேரம். வலி வந்தால் ஓய்வு கொடுக்கலாம். ஆனால் பாரத்துக்கு அஞ்சி உடல் கற்றுக்கொண்ட தவறான நிலையை மறக்கச் செய்வது எளிதன்று என்று கிளப்பின் பயிற்றுநர் எனக்கு விளக்கினார்.

எடை ஒருபுறம் இருக்க, நீளம் இருக்கிறது. விசைக்கும் தோளில் பதியும் பின்தகட்டுக்கும் இடையிலான தூரம் அதிகமானால் பிள்ளை கழுத்தை முன்னே நீட்டும். கன்னம் பதியும் கட்டை உயர்ந்திருந்தால் தலை சாயும், தாழ்ந்திருந்தால் குனியும். தலை நேராக நிற்க, கண் தானாகவே பின்னுள்ள பார்வைத்துளைக்கு நேரே வர வேண்டும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுப் பிறகு திறக்கச் சொல்லுங்கள். துளையின் நடுவே முன்வளையம் தெரிந்தால் பொருத்தம் நன்று. கழுத்தை அசைத்துத் தேடினால், அந்தத் துப்பாக்கி அந்தப் பிள்ளைக்கு உரியதன்று. விலை எதுவாயினும் சரி.

கடைக்காரர் காட்டியதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. என் தங்கை மகள் எழுதுவது வலக்கையால். ஆனால் அவளுக்கு ஆளும் கண் இடக்கண். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு துளை விட்டு, அதன் வழியே சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுவே ஆளும் கண். கையும் கண்ணும் மாறி இருப்பவர்கள் சிலர் வலத்தோளிலேயே சுட்டு, மற்றக் கண்ணுக்கு மறைப்பு வைத்துக்கொள்கிறார்கள். இளம்வயதில் தொடங்குபவள் ஆதலால் பயிற்றுநர் அவளை முதல் நாளிலிருந்தே இடத்தோளுக்குப் பழக்கியிருந்தார். கிளப் துப்பாக்கியின் கட்டை இரு கைக்கும் பொதுவானது. உயர்ந்த ரகப் போட்டித் துப்பாக்கிகளிலோ கைப்பிடி உள்ளங்கையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பக் கடையப்பட்டிருக்கும். வலக்கைப்பிடி இடக்கைக்கு ஆகாது. மைத்துனர் பார்த்து வந்தது வலக்கைக்கு உரியது. கடையில் யாரும் கேட்கவில்லை; பிள்ளையை அழைத்துச் செல்லாததால் அவருக்கும் தெரியவில்லை. இலட்சங்களைக் கொட்டிப் பொருள் வாங்குகிறவரிடம், "சுடப்போவது யார், எந்தத் தோள்?" என்று ஒரு சொல் கேட்காத வாணிகத்தை என்னென்பது!

பெயர்களின் மயக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். ஜெர்மனியின் உல்ம் நகரத்து வால்தர், அதே நகரத்து அன்ஷுட்ஸ், ஓபர்ன்டார்ஃபின் ஃபைன்வெர்க்பாவ் ஆகிய நிறுவனங்களின் துப்பாக்கிகளை ஒலிம்பிக்கில் காணலாம். இடுக்கியில் இறுக்கிச் சுட்டால் இவற்றுள் எதுவும் ஒரே துளையில் குண்டு மேல் குண்டு போடும். ஆக, குழலைப் பொறுத்தவரை தொடக்கநிலையில் உள்ள பிள்ளைக்கு இவற்றில் ஏற்றத்தாழ்வு கிடையாது. இந்த நிறுவனங்களே சிறுவர்க்கென்று எடை குறைந்த, நீளம் கூட்டிக் குறைக்கத்தக்க துப்பாக்கிகளையும் செய்கின்றன என்பதைக் கடைக்காரர்கள் ஏனோ கடைசியில்தான் சொல்கிறார்கள்.

மைத்துனருக்கு இவற்றையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "அத்தா, மனையை விற்க வேண்டாம். எனக்குக் கிளப் துப்பாக்கியே போதும்" என்றாள்.

"உனக்காகத்தானம்மா வாங்கிப் போட்டது."

"அதனால்தான் வேண்டாம் என்கிறேன். எட்டு அடித்தால் மனைதான் ஞாபகம் வரும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? 5.5 கிலோவைப் பற்றி நான் அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கோ அதைவிடப் பெரிய பாரம் ஒன்று தெரிந்திருந்தது.

அதன்பிறகு பழைய துப்பாக்கி தேடுவது என்று முடிவாயிற்று. பழையதை வாங்குவதில் பார்க்க வேண்டியது குழலையோ மெருகையோ அல்ல, காற்றுக் குப்பியை. இக்காலத்துப் போட்டித் துப்பாக்கிகளில் குழலின் கீழே ஒரு சிறு உருளை இருக்கும். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். கார்ச் சக்கரத்தில் இருப்பதைப் போல எண்பது மடங்குக்கும் மேல். அந்த உருளையின்மீது செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். பல தயாரிப்பாளர்கள் அதற்குப் பத்தாண்டுகளே ஆயுள் என்று வரையறுத்திருக்கிறார்கள். எட்டாண்டுப் பழைய துப்பாக்கியை மலிவு என்று வாங்கினால், இரண்டாண்டில் புது உருளைக்குத் தனியே பணம் எடுத்துவைக்க வேண்டும். உலர்ந்த காற்றைத் தவிர வேறெதையும் அதில் நிரப்பக் கூடாது. மருத்துவமனை ஆக்சிஜன் கிடைக்கிறதே என்று அதை ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. சிறிது எண்ணெய்ப் பசை இருந்தாலும் உயரழுத்த ஆக்சிஜன் பற்றி வெடிக்கும். அழுத்தமானியைப் பார்த்துவிட்டு ஓர் இரவு வைத்திருந்து காலையில் மறுபடி பார்த்தால், கசிவு இருப்பது தெரிந்துவிடும்.

மற்றவை சில சொற்களில் முடியும். விசை மெல்லியதாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே அலைய வேண்டாம். பெல்லட்டில் தலையளவு 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு வேறுபாடுகள் உண்டு. பிள்ளை ஒன்பதுகளைக் கடந்தபின் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவில் வைக்கக் கூடாது. விதிப்படி 2.5 மில்லிமீட்டருக்கு மிகாத தடிப்புள்ள விறைப்பான ஜாக்கெட்டும் வேண்டும். அது முதுகைத் தாங்குவதால், துப்பாக்கிக்கு முன்பே அதை வாங்குவது என் பரிந்துரை. சட்டத்தைப் பொறுத்தவரை, 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆனாலும் வாங்கிய சீட்டையும் கிளப்பின் அடையாள அட்டையையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பேருந்தில் ஒரு நீண்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளையிடம் கேள்விகள் வரத்தான் செய்யும்.

கிளப்பிலேயே பயின்ற ஒரு மாணவி, மேற்படிப்புக்காக வெளியூர் செல்லவிருந்தாள். அவளிடம் நான்கு கிலோவுக்கும் குறைந்த, இரு கைக்கும் பொதுவான கட்டையுடைய சிறுவர் துப்பாக்கி இருந்தது. உருளையில் பொறித்த ஆண்டுப்படி இன்னும் ஆறு ஆண்டு ஆயுள் மீதி. பேரம் பேசுவதற்கு முன்பே இரண்டு வாரம் வைத்துச் சுட்டுப் பார்க்க அந்தப் பெண்ணின் பெற்றோர் இணங்கினர். அவர்கள் பெருந்தன்மை அது. நான் ஒரு நாள் போய்ப் பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். அவள் துப்பாக்கியை ஏற்றினாள், கண்ணை மூடினாள், திறந்தாள். கழுத்து அசையவில்லை. நான் பார்த்த முதல் குண்டு 9.2, அடுத்தது 10.4. மூன்றாவது எட்டுக்குப் போயிற்று. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பெல்லட்டை எடுத்தாள்.

புதியதன் விலையில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. அச்சகத்தின் சேமிப்பும் தங்கை சீட்டுக் கட்டி எடுத்த பணமும் போதுமாக இருந்தன. பின்தகட்டுக்கும் கட்டைக்கும் இடையே செருகுவதற்கென்று நான்கு சிறு துண்டுகள் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைக்கு ஒன்றுதான் செருகியிருக்கிறது. மற்ற மூன்றையும் மைத்துனர் ஓர் உறையில் போட்டு, அச்சகத்து மேசையின் இழுப்பறையில், மனைப் பத்திரத்தின்மேல் வைத்திருக்கிறார்.