தோல்: சுவரா, கதவா?

ஆண்டிமடம் என்றதும் முந்திரி நினைவுக்கு வராதவர் உண்டோ? பருப்பு ஊர் ஊராகப் போய்விடுகிறது. ஓட்டின் எண்ணெயோ எங்கள் தாய்மாரின் விரல்களில் தங்கிவிடுகிறது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு கொட்டை உடைத்தாலும் விரல்நுனி கறுத்துத் தோல் உரியும். எங்களுள் ஒருத்தியின் அம்மா, "களிம்பு தடவுகிறேன், உள்ளே போகிறதா என்று யார் கண்டது?" என்றார். அக்கேள்வியையே அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டோம்.

அவளுடைய அக்கா திருச்சியில் மருந்தியல் படிக்கிறார். 1975ஆம் ஆண்டு ஃபிரான்ஸ் என்பவர் விவரித்த கண்ணாடிக் கலத்தைப் பற்றி அவர்தாம் சொன்னார். மேலே களிம்பு, கீழே உப்புநீர், நடுவே தோல்; பெரும்பாலும் பன்றிக் காதின் தோல். செத்த தோல் உண்மை சொல்லுமா என்று கேட்டோம். மருந்தைத் தடுக்கும் மேலடுக்கு, உயிருள்ள உடம்பிலும் இறந்த செல்களால் ஆனதுதானாம்! அதனால், கொழுப்பைச் சுரண்டிவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் பயன்படுமாம்.

எங்களுக்குக் கிடைத்தது ஆட்டுக் காது. முதலில் கசாப்புக் கடைக்காரர் அன்போடு தீயில் வாட்டியே கொடுத்துவிட்டார். சூடு பட்டால் தடுப்பு கெட்டுவிடும், அது ஆகவில்லை. அடுத்த காதைத் தோல் வியாபாரிகள் செய்வதுபோல் உப்பில் போட்டு வைத்து, பிளேடால் மயிரை மழித்தோம். குப்பியில் உப்புநீர் நிரப்பி, வாயில் தோலை இழுத்துக் கட்டி, சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பைப் பூசினோம். பத்து நிமிடம் கழித்துக் கீழ்நீரில் ஃபெரிக் குளோரைடு விட்டதும் அடர்ந்த ஊதா நிறம்! ஆய்வகமே அதிரக் கைதட்டினோம்.

"மை ஊற்றிப் பார்த்தீர்களா?" என்றார் அக்கா தொலைபேசியில். கழுவிவிட்டு ஊற்றினோம். மையும் இறங்கிற்று. நாங்கள் கண்டுபிடித்தது பிளேடு போட்ட ஓட்டையைத்தான்! உப்பும் தவறாம். தோல் பதனிடுவோர் மயிரோடு நீக்கிவிடும் மேலடுக்குத்தான் நமக்கு வேண்டியது. உப்பு காப்பாற்றுவது அவர்களுக்கு வேண்டிய உள்தோலை.

மூன்றாவது காதின் மயிரைக் கத்தரிக்கோலால் பொறுமையாக வெட்டினோம். தாளில் சுற்றி ஒருத்தியின் வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தோம். (ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் காதைக் கண்ட பாட்டி போட்ட கூச்சல் தனிக்கதை.) மை இறங்கவில்லை. களிம்பு பூசிய மறுநாள் காலை, வெளிறிய ஊதா.

கண்காட்சியில் அடர்நிறக் குப்பியைச் சுற்றித்தான் கூட்டம். அது ஓட்டை என்று சொல்லிச் சொல்லி எங்கள் வாய் வலித்தது. அந்த அம்மாவும் வந்து, இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். "என் விரல் அந்த முதல் காது மாதிரிதானே? மருந்து சீக்கிரம் போகும் என்றால், கொட்டை எண்ணெயும் அப்படித்தானே போகும்? சாம்பல் அதைத் தடுக்குமா?" என்றார்.

நாங்கள் விழித்தோம். இன்னும் இரண்டு காதுகள் வேண்டும். வாட்டாமல் தரும்படி கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.