எஞ்சினில் எழுதியிருப்பது

கராஜில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். நான் கையுறை மாட்டிக்கொண்டு எஞ்சின் மேல் குனிந்ததும் அவர்களில் ஒருவர் என் கணவரிடம், “என்ன தேடுகிறார்?” என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அன்று என் கணவர் செய்த ஒரே வேலை, பனிச் சாலையில் வண்டி ஓட்டி என்னை அங்கே கொண்டுவந்து சேர்த்ததுதான்.

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் அது. கணவர் விட்டுப்போன 1970 ஷெவர்லே ஷெவல் காரை விற்பதற்காக அந்த அம்மா என்னை அழைத்திருந்தார். அதே நகரில் கார் ஆலையில் முப்பது ஆண்டு இருக்கை உறை தைத்தவர். கார் வாங்கிய சில ஆண்டுகளில் கணவர் ஒருநாள், “இந்த வண்டியோடு பிறந்த எஞ்சினைக் கண்டுபிடித்துவிட்டேன்” என்று வந்து நின்றாராம். எல்.எஸ்.6 என்ற எஞ்சின்: 454 கன அங்குலம், 450 குதிரைத்திறன். தன் ஓவர்டைம் சேமிப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார் அந்த அம்மா. எஞ்சின் அசலென்றால் காரின் விலையே வேறு. ஒழுகும் கூரையைப் பிரித்து மேய அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்.

நான் மெக்கானிகல் எஞ்சினியரிங் படித்தவள். ஆனால் அமெரிக்கா வந்தது, கணவரைச் சார்ந்திருப்பவள் என்ற விசாவில். வேலை செய்ய அனுமதி இல்லாமல் ஏழு ஆண்டுகள். அந்தப் பகல்களில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பழைய கார்களோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்ட தொழில் இது.

அந்தக் காலத்து ஃபோர்டு எஞ்சின்களின் அடையாளம் ஒரு சின்ன உலோகத் தகடு. இக்னிஷன் காயிலைப் பிடிக்கும் போல்ட்டில் தொங்கும். ஒரு ஸ்பேனர் இருந்தால் கழற்றி வேறு எஞ்சினில் மாட்டிவிடலாம். ஷெவர்லேயில் அடையாளத்தை பிளாக்கிலேயே குத்தியிருப்பார்கள். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையான ஒரு திட்டு. அதில் எஞ்சின் ஆலையின் எழுத்து, எஞ்சினைப் பூட்டிய மாதம், நாள், வகையைச் சொல்லும் எழுத்துகள். கூடவே காரின் வரிசை எண்ணில் ஒரு பகுதி. 1970 ஷெவல்லின் வரிசை எண்ணிலிருந்து எட்டு சிலிண்டர் வண்டி என்பது தெரியும். எந்த எட்டு சிலிண்டர் என்பது தெரியாது. அதனால் அந்தத் திட்டை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. பொய்யும் அங்கேதான் குத்தப்படுகிறது.

கிரீஸைத் துடைத்தேன். ‘டி0305சிஆர்வி.’ டி என்றால் டோனவாண்டா ஆலை. மார்ச் 5. சிஆர்வி என்றால் நான்கு கியர் எல்.எஸ்.6. காரின் எண்ணும் சரியாக இருந்தது. ஆனால் ஆலையில் அந்தப் பரப்பைச் சீவும் இயந்திரம் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்கோடுகளை விட்டுச்செல்லும். இங்கே கோடுகள் வட்டமடித்தன. யாரோ தேய்த்துவிட்டு மறுபடி குத்தியிருக்கிறார்கள்.

கீழே படுத்துக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன். இரும்பை வார்த்த தேதி பிளாக்கின் பக்கத்தில் மேடாக நிற்கும். முதல் எழுத்து மாதம். ஏ என்றால் ஜனவரி. அங்கே இருந்தது ‘இ 21 0’. 1970 மே 21. காரின் ஃபயர்வால் தகட்டிலோ ‘03சி’, மார்ச் மூன்றாம் வாரம். முதலில் வார்ப்பு, பிறகு எஞ்சின், அதன் பிறகே கார். இங்கே தாய்க்கு முன்னே மகள் பிறந்திருந்தாள்.

படுத்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தேன். வாயை மூடிக்கொண்டு ‘அசல்’ என்று எழுதிக் கொடுத்தால் கூரை மேய்ந்துவிடும். ஒரு பெண்ணுக்குப் பெண் செய்யும் உதவி அதுதானோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார். அவர் நன்மைக்கென்று நான் இரண்டாவது பொய்யைச் சொல்வதா?

எழுந்து சொன்னேன். ஆண்கள் மூவரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட “இருக்காது” என்று சொல்லவில்லை. அப்போதுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது.

“உங்களுக்குத் தெரியும்” என்றார்.

“எஞ்சின் விவகாரத்தையெல்லாம் உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று...” என்று ஒருவர் இழுத்தார்.

“என் அம்மா சிவப்புத் தொப்பி போட்டவள்” என்றார் அந்த அம்மா. ஃபிளின்ட்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 1937 பிப்ரவரி 1 அன்று, உள்ளிருப்பு வேலைநிறுத்தத்தின்போது, சிவப்புத் தொப்பி அணிந்த பெண்கள் படை ஷெவர்லேயின் 9ஆம் எண் ஆலையில் ஜன்னல்களை உடைத்துக் கண்ணீர்ப்புகையை வெளியேற்றியது. எல்லோர் கவனமும் அங்கே இருந்தபோது தொழிலாளர்கள் 4ஆம் எண் ஆலையைப் பிடித்தார்கள். அது எஞ்சின் ஆலை.

பிறகு அவர் என்னிடம் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். வலிக்கும் முட்டியோடு தரையில் படுத்து, நான் டார்ச் அடிக்க, தேதியை எழுத்தெழுத்தாகத் தானே படித்தார். “மார்ச்சில் ஓடிய வண்டிக்கு மே மாத இரும்பு” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிய நேரமானது. ஓவர்டைம் பணம் எங்கே போனது என்று அவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவரும் இல்லை.

கார் வசந்தத்தில் விற்றது, நினைத்த விலையில் பாதிக்கும் குறைவாக. எஞ்சின் மாற்றப்பட்டது என்று அவரே விளம்பரத்தில் எழுதினார். கூரையில் பாதியைத்தான் மேய முடிந்தது. வாங்கியவர், “இதையெல்லாம் யார் சரிபார்த்தது?” என்று கேட்டாராம்.

“நாங்கள் இரண்டு பேர்” என்று சொன்னாராம் அந்த அம்மா.