மேகத்துக்கு அஞ்சும் திடல்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் விரிந்து கிடப்பது கரிசல் காடு. புரட்டாசி பிறந்துவிட்டால் அங்கே எல்லாருடைய கண்களும் வானத்தின்மேல்தான். கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் மானாவாரியாக விளையும் மண் அது. கருமேகம் ஒன்று திரண்டுவிட்டால் முதியவர்கள்கூடத் திண்ணையை விட்டிறங்கித் தெருவுக்கு வந்துவிடுவர். மேகத்தைக் கண்டு முகம் வாடும் மனிதரும் உலகில் உண்டென்பதைச் சிம்லாவுக்குச் சென்றபோதுதான் அறிந்தேன்.

அவர் அங்குள்ள பனிச்சறுக்குத் திடலின் பணியாளர். கையில் நீர்க்குழாயுடன் நின்றபடி, மேற்கே எழுந்த ஒரு வெண்மேகத்தைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்கட்டி என்றால் மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றி வரும் ‘ஐஸ் பார்’ என்று மட்டுமே அறிந்து வளர்ந்த எனக்கு, ஒரு திடல் முழுவதும் பனிக்கட்டியாகக் கிடந்த காட்சி நம்பற்கரியதாக இருந்தது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்லா, 1864 முதல் ஆங்கிலேய அரசின் கோடைகாலத் தலைநகராக விளங்கிய ஊர். இலக்கர் பஜாருக்கு அருகில் வடக்குச் சரிவில், வெயில் அதிகம் எட்டாத இடத்தில் திடல் அமைந்துள்ளது. முன்பு அது டென்னிஸ் ஆடுகளம். அங்கே சிந்திய நீர் இரவில் உறைந்து கிடந்ததைக் கண்ட பிளெசிங்டன் என்பவர், களம் முழுவதும் நீர் தெளித்து உறையவிட்டார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. 1920ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வழக்கம் நூறாண்டு கடந்தும் தொடர்கிறது.

இதில் குளிரூட்டும் இயந்திரம் எதுவும் இல்லை. மாலையில் தரையைக் கூட்டிச் சமன்செய்து மெல்லியதாக நீர் தெளிக்கின்றனர். அது உறைந்தபின் அதன்மேல் மற்றொரு படலம். ஒரே முறையில் நீரைத் தேக்கினால் மேற்பரப்பு மட்டும் உறைந்துவிடும்; அந்த உறைவே போர்வையாகி அடிநீரின் வெப்பத்தை வெளியேறவிடாது. பொறுமையாகப் படலம் படலமாக எழுப்பினால்தான் தளம் உறுதிபெறும். வானம் தெளிந்திருந்தால் நிலத்தின் வெப்பம் தடையின்றி விண்ணுக்குச் சென்றுவிடும். மேகம் மூடினாலோ அவ்வெப்பம் நிலத்துக்கே திரும்பும். நீர் நீராகவே நின்றுவிடும். இயந்திரத்தால் உறையவைத்த தளத்தை 1876இலேயே இலண்டனில் ஜான் காம்கி அமைத்துவிட்டார் என்பதை நினைத்தால், இன்றும் இரவின் குளிரை மட்டுமே நம்பியிருக்கும் சிம்லாத் திடல்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

நீர் தெளிப்பவரைப் பார்த்தபோது எங்கள் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி நினைவுக்கு வந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு விடுவது என்பதெல்லாம் அவர் கைக்கணக்கு. நல்ல மழை பெய்த ஆண்டின் மார்கழியில் கண்மாய் தளும்பும். பங்குனி வெயிலில் வற்றிப் பாளம்பாளமாக வெடிக்கும். அப்பாளங்கள் மிதிபட்டுத் தேய்ந்ததும் சிறுவர்கள் அங்கே கபடியும் கிரிக்கெட்டும் ஆடுவர். எங்கள் ஆடுகளத்தை வெயில் செய்து கொடுத்தது. அவர்களுடையதைக் குளிர் செய்து கொடுக்கிறது.

அக்குளிர் இப்போது தளர்ந்து வருகிறது. நீண்டு நிலைத்த சறுக்குப் பருவம் சுருங்கிவிட்டது. காலையும் மாலையும் ஆட்டம் நடந்த நாள்கள் அரிதாகிவிட்டன. வெப்பமடையும் உலகோடு, மலைச்சரிவெங்கும் பெருகிய கட்டடங்களையும் ஊரார் காரணமாகச் சொல்கின்றனர். எல்லாக் காலத்துக்கும் உதவும் இயந்திரத் தளம் வேண்டுமென்ற பேச்சு நெடுநாளாக நடந்துவருகிறது. அப்பணியாளரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “வரட்டும், குழந்தைகள் ஆடினால் போதும்” என்றார். அப்போதும் அவர் பார்வை மேற்கிலேயே இருந்தது.

அன்றிரவு மேகம் விலகவில்லை. விடியற்காலையில் சறுக்குக் காலணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு சிறுவர் சிலர் வந்தனர். திடலில் தேங்கி நின்ற நீரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வந்த ஏற்றத்திலேயே திரும்பி நடந்தனர்.