கண் களைக்கும்போது

"வயசு போயித்து, கண்ணும் போயித்து" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும் வழக்கம் எமது கல்முனைக் கரையோர ஊர்களில் உண்டு. தையற்காரரும் இதைச் சொல்வார். பன்பாய் இழைக்கும் மூதாட்டியும் சொல்வார். தறியில் அமர்ந்திருப்பவரும் சொல்வார். கேட்பவர் தலையை அசைத்துவிட்டு அப்பாற் செல்வார். அந்தத் தலையசைப்பைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம். கண் களைப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றிற் பலவற்றுக்குப் பரிகாரமும் உண்டு. காரணம் அறியாதவரையிலேதான் களைப்பு விதியாகத் தோன்றுகிறது.

முதலிற் களைப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். தொலைவிலுள்ள பொருளைப் பார்க்கும்போது கண் இளைப்பாறுகிறது. அருகிலுள்ளதைப் பார்க்கும்போதோ, கண்ணுக்குள் வில்லையைச் சூழ்ந்துள்ள ஒரு சிறு தசை சுருங்கி, அவ்வில்லையைத் தடிக்கச் செய்யவேண்டும். இரு விழிகளும் மூக்கை நோக்கி உள்ளே திரும்பவும் வேண்டும். இது வேலை. மூட்டை சுமப்பவனின் தோள் நோவது போலவே, மணிக்கணக்காக அருகே பார்ப்பவனின் கண்ணும் நோகிறது. நெற்றி வலிக்கிறது, எழுத்து மங்கித் தெளிகிறது, கண் எரிகிறது. உற்றுப் பார்க்கும் மனிதன் இமைக்கவும் மறந்துபோகிறான். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கும் கண், கூர்ந்து நோக்கும் வேலையில் அதிற் பாதிக்கும் குறைவாகவே இமைக்கிறது. கண்ணீர்ப் படலம் உலர்ந்துவிடுகிறது. எமது கரையிலே கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த உலர்வு இன்னும் கொடிதாகிறது.

மருதமுனை என்றதும் சாரமும் சேலையும் பலருக்கு நினைவுக்கு வரும். அண்மையில் அங்கே ஒரு நெசவாளர் வீட்டுத் தறிக் கொட்டிலில் சில மணி நேரம் அமர்ந்திருந்தோம். பாவிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள். அவற்றில் ஒன்று அறுந்தாலும் நாடாவை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப்பிடித்து, விழுதின் துளையினூடும் அச்சின் பல்லினூடும் கோத்து முடியவேண்டும். நாற்பத்தாறு வயதான அந்த நெசவாளர் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பின்னர், "மகள், இந்த நூலக் கோத்துத் தா" என்று கூப்பிட்டார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை மூடிவைத்து எழுந்து வந்தாள். நாம் இருந்த நேரத்தில் ஐந்து தடவை வந்தாள்.

"அஸருக்குப் பொறகு கறுப்பு நூல் தெரியுதில்ல சேர். பிழை விழுந்தா முதலாளி காசக் குறைப்பார். இந்த வருசத்தோட தறிய விட்டுருவம் எண்டுதான் யோசிக்கன்" என்றார் அவர்.

அவரது கண்ணை அதுவரை ஒருவரும் பரிசோதித்ததில்லை. அவருடன் நாமும் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றோம். அவருக்கு வந்திருந்தது வெறும் வெள்ளெழுத்து. ஏறத்தாழ நாற்பது வயதளவில் எல்லா மனிதருக்கும் கண்ணின் வில்லை மெல்ல இறுகிப்போகிறது. தசை எவ்வளவு முயன்றாலும் அது முன்போல் தடிப்பதில்லை. பேராசிரியருக்கும் இது வரும். பேராசிரியர் கண்ணாடி வாங்குகிறார். நெசவாளரோ தறியை விடுகிறார். இயற்கை இருவருக்கும் சமமாகவே செய்த ஒன்றைச் சமுதாயம் எவ்வளவு ஏற்றத்தாழ்வாக மாற்றிவிடுகிறது! பரிசோதனைக்குக் கட்டணம் இருக்கவில்லை. கண்ணாடிக்குச் சில நாட் கூலி போயிற்று. இன்று அவர் தமது நூலைத் தாமே கோத்துக்கொள்கிறார். எனினும் அந்தக் கொட்டிலின் ஒரேயொரு விளக்கு அவரது முதுகுக்குப் பின்னாலேயே தொங்குகிறது. அவரது நிழல் அவரது நெசவின் மீதே விழுகிறது. விளக்கை இடம் மாற்றக் கம்பி வேண்டும், காசு வேண்டும். நாளைக்குப் பத்து மணி நேரம் நெய்யாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில், கண்ணுக்கு ஓய்வு கொடு என்று எவர் சொன்னாலும் அது காதில் ஏறாது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமா? அஸாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018 இல் வெளிவந்தது. அவர்களிற் பாதிப்பேருக்கு உடனேயே வெள்ளெழுத்துக் கண்ணாடி வழங்கினர். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்தபின் வழங்கினர். கண்ணாடி அணிந்தோர் பறித்த கொழுந்து, அணியாதோரைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. பங்களாதேஷின் கிராமங்களில் 35 முதல் 65 வயதுவரையானோரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2024 இல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்ற எட்டு மாதங்களில் அவர்களது வருமானம் மூன்றிலொரு பங்கு அதிகமாகியிருந்தது. ஆகவே கண்ணாடி அலங்காரமன்று. நாடாவைப் போல, தையல் ஊசியைப் போல, அதுவும் ஓர் உழைப்புக் கருவி. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. அவர்களிற் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. இந்தக் கணக்கிலே தொலைவில் உள்ளவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? எமது பக்கத்து வளவிலும் இருக்கிறார்கள்.

இனி ஆசிரியர்களாகிய எம்மையும் மாணவர்களையும் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது உள்ளங்கையளவு தொலைபேசித் திரையே வகுப்பறையாயிற்று. ஒரு தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளை நாம் அறிவோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, குப்பி விளக்குக்கு மீண்ட பிள்ளைகளையும் அறிவோம். மங்கிய ஒளி கண்ணைக் களைக்கச் செய்யுமேயன்றிக் குருடாக்காது, திரையும் அவ்வாறே. ஓய்வு கொடுத்தால் அக்களைப்பு தீரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பாலுள்ள தென்னையையோ கடலையோ இருபது விநாடி பார்ப்பது எவருக்கும் இயலும். பிள்ளைகள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் விளையாடினால் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்புக் குறையும்.

ஆனால் ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, உள்ளே மறைந்துள்ள பார்வைக் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். கரும்பலகையை வாசிக்க முடியாத பிள்ளையை 'மக்கு' என்று நாம் பின் வாங்கிலிலே இருத்திவிடுகிறோம். பின்வாங்கில் அவனுக்கு இன்னும் தெரிவதில்லை. கண்ணைச் சுருக்கும், புத்தகத்தை மூக்கருகே பிடிக்கும், பாடம் முடிந்ததும் தலையிடி என்னும் பிள்ளையைக் கண்டுகொள்வது ஆசிரியரின் கடமை. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை வரமாட்டான் என்று அஞ்சும் தாய்மாரும் எம்மிடையே உள்ளனர். கண்ணாடி கண்ணைப் பழுதாக்குவதில்லை. அந்தப் பிள்ளையின் படிப்பைப் பழுதாக்குவது இந்த அச்சமே என்பதை நாம் வாய்திறந்து சொல்லவேண்டும்.

களைப்பு என்று எண்ணிப் பொறுத்திருக்கக் கூடாத வேளைகளும் உண்டு. திடீரென ஒரு கண்ணிற் பார்வை குறைந்தாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மின்னல் போன்ற ஒளிக் கீற்றுகளும் கரும்புள்ளிகளும் திடீரெனப் பெருகி, திரை விழுந்தாற்போல ஒரு பக்கம் மறைந்தால், விழித்திரை கழலத் தொடங்கியிருக்கலாம். கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தோன்றி, வாந்தியும் வந்தால், அது கண்ணின் உள்ளழுத்தம் திடீரென ஏறியதாகலாம். மணிக்கணக்கில் பார்வை போய்விடும். சுண்ணாம்போ மருந்துத் தெளிப்போ கண்ணிற் பட்டால், முதலிற் சுத்தமான நீரால் இடைவிடாது கழுவவேண்டும். பின்னரே வாகனம் தேடவேண்டும். நீரிழிவு உள்ளவர் கண்ணில் எந்த நோவும் இல்லாவிடினும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைக் காட்டவேண்டும். அந்நோய் வலியின்றியே கண்ணைத் தின்னும்.

எமது மாவட்டத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு. வெள்ளாண்மை வெட்டும் காலத்தில் நெல்லின் கூரோ உமியோ கருவிழியைக் கீறிவிடும். அந்தக் கீறலிற் பூஞ்சணம் புகுந்தால் வெண்புண்ணாகிப் பார்வையையே அழித்துவிடும். தாய்ப்பால் விடுவதும், கடையில் கேட்ட துளிமருந்தை ஊற்றுவதும் அங்கே பேராபத்து. ஸ்டீரொய்ட் கலந்த துளிமருந்து சிவப்பை ஓரிரு நாள் அடக்கிக் காட்டும். உள்ளே பூஞ்சணத்தைச் செழிக்கச் செய்யும். அறுவடைக் கூலியாள் ஒரு நாட் சம்பளம் போகுமே என்று வைத்தியசாலைக்குப் போகாதிருக்கிறான். ஆயுட்காலச் சம்பளம் போய்விடுகிறது.

இவற்றைத் தனி மனிதரின் கவனத்துக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமாகாது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நூலும் சாயமும் தேடிக் கொடுப்பது போலவே கண்ணாடியும் தேடிக் கொடுக்கட்டும். தறிக் கொட்டிலில் நல்லொளி வேண்டுமென்பது கூலிக் கோரிக்கையோடு சேர்த்து எழுப்பப்படட்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்வைக் குறை காணப்பட்ட பிள்ளைக்குக் கண்ணாடி கிடைத்ததா என்று வகுப்பாசிரியர் ஈற்றுவரை விசாரிக்கட்டும். இலவசக் கல்வியையும் இலவச வைத்தியத்தையும் போராடிப் பெற்ற நாடு இது. அவ்விரண்டும் ஓர் உழைப்பாளியின் கண்ணிலே வந்து சந்திக்கவேண்டும். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலே நாற்பதைத் தாண்டியவர் யாரேனும் நூலையோ எழுத்தையோ எட்டப் பிடித்துப் பார்க்கிறாரா? இந்த வாரமே அவரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.