இரவல் மின்சாரம்

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அண்ணன் வைத்திருக்கும் பழைய ஜப்பானியக் கார், இரவு வேளைகளில் எங்கள் லயத்தாருக்கு அம்புலன்ஸும் ஆகும். பிரசவ வலி கண்ட பெண்ணையும் மூச்சிரைக்கும் முதியவரையும் நுவரெலியாவுக்கு ஏற்றிச் செல்வது அதுவே. ஆதலால், அது கிளம்ப மறுத்த நிகழ்ச்சியை வெறும் வாகனக் கோளாறாக எண்ண என்னால் இயலவில்லை.

2023 ஜூலையில் ஒரு மாலை, அப்பாவை வைத்தியரிடம் காட்டிவிட்டு நானுஓயா வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. விளக்குகள் மங்கின, வைப்பர் சோம்பியது. தேநீர்க் கடையொன்றில் நிறுத்திவிட்டு அண்ணன் மீண்டும் சாவியைத் திருப்பியபோது ‘டக்’ என்ற ஓர் ஒலி மாத்திரமே கேட்டது. தலவாக்கலையில் நீரை மறித்து 150 மெகாவாற்று மின்சாரம் பிறப்பிக்கும் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அதற்குச் சில கிலோமீற்றர் தொலைவில் நாங்கள் 12 வோல்ற்றுக்குத் தவித்து நின்றோம்.

முதலில் நின்ற லொறிக்காரர், தம்முடையது 24 வோல்ற்று என்று தாமே விலகிக்கொண்டார். பின்னர் பாடசாலை வேன் ஒன்று வந்தது. சிவப்பு வயரை எங்கள் பேட்டரியின் நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் அண்ணன் மாட்டினார். மறுபடியும் ‘டக்’. “கறுப்பைப் பேட்டரியில மாட்டாதீங்க தம்பி, பொறி பறந்தா வெடிச்சிரும்” என்று வேன்காரர் அதைக் கழற்றி எஞ்சினின் வெறும் இரும்பிலே கவ்வவைத்தார். கார் உடனே உயிர்த்தது. அவர் சொன்ன காரணம் மெய்யே. ஈய அமிலப் பேட்டரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறக்கூடும். ஆனால் முன்பு மறுத்த கார் இப்போது ஏன் இசைந்தது என்று எவரும் கேட்கவில்லை. பௌதிகம் பயிலும் நானும் கேட்கவில்லை!

மறுநாட் காலை மீண்டும் அதே ‘டக்’. பார்க்க வந்த கராஜ்காரர், பேட்டரி செத்துவிட்டது என்றார். புதியது ஒரு மாதக் கொழுந்துச் சம்பளத்தை விழுங்கும். அண்ணி பேசாமல் வளையலைக் கழற்றினார். அதைக் கண்ட பின்னரே எனக்கு வெட்கம் வந்தது; மின்மானியைத் தேடி எடுத்தேன்.

ஓய்வில் 11.9 வோல்ற்று. நிறைவாக ஏற்றிய பேட்டரி ஏறத்தாழ 12.6 காட்டவேண்டும், ஆகவே இது பட்டினி கிடந்தது. சாவா, பட்டினியா என்பதே கேள்வி. மேட்டிலிருந்து தள்ளிக் காரைக் கிளப்பினோம். ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி ஓல்டர்னேற்றரைச் சோதிக்க முனைந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். டைனமோக் காலத்துப் பழக்கம் அது; ஓல்டர்னேற்றரில் செய்தால் திடீரென உயரும் அழுத்தம் டயோட்டுகளைப் பொசுக்கிவிடும்.

ஓல்டர்னேற்றரின் வெளியீட்டு முனைக்கும் அதன் உடலுக்குமிடையே 14.3, பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 12.8 மாத்திரமே. வழியில் எங்கோ 1.5 வோல்ற்று களவு போயிற்று. நேர்ப் பக்கத்து இழப்பு வெறும் 0.1. எஞ்சின் இரும்புக்கும் பேட்டரியின் எதிர்முனைக்குமிடையே ஊசிகளை வைத்தேன்: 1.4! அங்கே 0.2 ஐத் தாண்டலாகாது.

அடியிற் படுத்துப் பார்த்தால், எஞ்சினையும் காரின் உடலையும் பிணைக்கும் ஏர்த் வயர் பச்சைக் களிம்பேறி, ஆணியடியில் நைந்து கிடந்தது. அதன் தடை பத்திலொரு ஓமாகவே இருக்கட்டும். 14 அம்பியர் மின்னோட்டத்துக்கு 1.4 வோல்ற்று தொலையும். ஸ்ராட்டர் 100 அம்பியர் கேட்டாலோ 10 வோல்ற்று அங்கேயே போய்விடும். வேன்காரரின் கறுப்பு வயர், எஞ்சின் இரும்பைக் கவ்வியபோது, இந்த நைந்த வயரைச் சுற்றிக்கொண்டு சென்றிருக்கிறது. பழுது எங்கே என்பதை அந்த மழையிலேயே கார் சொல்லிவிட்டது. கிளம்பிய மகிழ்ச்சியில் நாங்கள்தாம் கேளாமற் போனோம்.

புதிய ஏர்த் வயர் சில நூறு ரூபாய்தான். இரும்பைத் தேய்த்துப் பூட்டியதும் 1.4 என்பது 0.1 ஆயிற்று. பழைய பேட்டரியை ஓர் இரவு முழுதும் மெதுவாக மின்னேற்றினோம், மறுநாள் 12.6 காட்டியது. அண்ணி வளையலைத் திரும்ப அணிந்தார். அந்த வாரமே மேட்டு லயத்திலிருந்து நடுநிசியில் ஆள் வந்து கதவைத் தட்டியபோது, அண்ணன் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.