அனுபவம் எங்கே கிடைக்கும்?

வேளச்சேரி,
சென்னை

அன்புள்ள கவிதாவுக்கு,

நேற்று சித்தி போனில் பேசினார்கள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கோர்ஸ் முடித்து இத்தனை நாளாகியும் வேலை அமையவில்லை, போகிற இடமெல்லாம் அனுபவம் கேட்கிறார்கள் என்று நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாயாம். வேலையே தராமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று நீ கேட்பது நியாயம்தான். நானும் அதே கேள்வியோடு அலைந்தவள் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்பெனிக்காரர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள். புதிதாகச் சேர்ந்தவர் அடிக்கும் ஃபைலை, தரம் பார்க்கும் க்யூ.ஏ. பிரிவில் ஒருவர் ஆடியோவை முழுக்கக் கேட்டுத் திருத்த வேண்டும். அதாவது ஒரு ஃபைலுக்கு இரண்டு பேர் சம்பளம். துல்லியம் 98 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. இப்போது பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள் வேறு வந்துவிட்டது. தெளிவாகப் பேசும் டாக்டரின் டிக்டேஷனை அதுவே அடித்துவிடுகிறது. மனிதர்களிடம் வருவது திருத்தும் வேலையும், புரியாத உச்சரிப்பும்தான். புதியவர்கள் கை பழகிய எளிய ஃபைல்கள் குறைந்துவிட்டன. அதனால் வேகமாக அடிப்பவளை விட, கேஸ் என்னவென்று புரிந்துகொள்பவளைத்தான் தேடுகிறார்கள்.

அந்தப் புரிதல் எனக்கு ஆஸ்பத்திரியில்தான் வந்தது. தாம்பரம் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் சம்பளமில்லாமல் உதவிக்குப் போனேன். டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கேஸ் ஷீட்டை வரிசைப்படுத்துவது, எண் போட்டு அடுக்குவது, கையெழுத்து விட்டுப்போன தாளைக் கண்டுபிடித்து டாக்டரிடம் கொண்டுபோவது, இதுதான் வேலை. அப்பா முதலில் முகம் சுளித்தார். ஆனால் அடுக்குகிற சாக்கில் நான் படித்தேன். நோயாளி என்ன தொந்தரவு என்று வந்தார், முன்பு என்ன நோய், பரிசோதனையில் என்ன தெரிந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற வரிசை மனதில் பதிந்துவிட்டது. பித்தப்பை ஆபரேஷன் குறிப்புகள் எத்தனை எத்தனையோ கண்ணில் பட்டன. சிஸ்டிக் டக்ட்டும் சிஸ்டிக் ஆர்ட்டரியும் கிளிப் போட்டு வெட்டப்பட்ட பிறகுதான் பித்தப்பையைப் பிரித்தெடுப்பார்கள் என்பது தெரிந்திருந்ததால், பிறகு இன்டர்வியூவில் ஒரு டாக்டர் விழுங்கி விழுங்கிப் பேசிய ஆடியோவைப் போட்டபோது, அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் ஆடியோவைப் பின்னோக்கி ஓட்ட ஃபுட் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

கோர்ஸில் இலியம் என்று இரண்டு சொல் படித்திருப்பாய். ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி, இன்னொன்று இடுப்பெலும்பு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வேறு, காதுக்கு இரண்டும் ஒன்றே. கேஸ் தெரிந்தவளுக்கு மட்டும்தான் எது என்று தெரியும். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்க முடியாமை, டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் குறை. பக்கவாத நோயாளிக்கு இரண்டுமே வரலாம் என்பதால் அங்கே ஊகத்துக்கு இடமே இல்லை. கேட்கவில்லை என்றால் பிளாங்க் விடு. தெரியாததை இட்டு நிரப்புவதுதான் இந்தத் தொழிலில் பெரிய குற்றம். இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் யூனிட் என்பதற்கு யூ என்ற ஒற்றை எழுத்தை எழுதினால் அது பூஜ்யமாகப் படிக்கப்பட்டு 10 என்பது 100 ஆகிவிடும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட 'எழுதக்கூடாத சுருக்கங்கள்' பட்டியலில் அதுவும் இருக்கிறது. 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதக்கூடாது, 50 ஆகத் தெரியும். அரை மில்லிகிராமை எழுதும்போது புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் விடவும் கூடாது. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொள்.

உங்கள் ஊரிலும் டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரி, கண் ஆஸ்பத்திரி, புற்றுநோயாளிகளுக்கு வலி நிவாரணம் தரும் மையம் என்று ஏதாவது இருக்கும். நேரில் போய் நிர்வாக அதிகாரியைப் பார். 'வேலை வேண்டும்' என்று கேட்காதே. 'ரெக்கார்ட்ஸ் பிரிவில் மூன்று மாதம் உதவ வருகிறேன், டிஸ்சார்ஜ் சம்மரி டைப் செய்து தருகிறேன்' என்று சொல். அந்தப் பிரிவில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். உள்நோயாளி ரெக்கார்டை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. வேலை மலையாகக் குவிந்திருக்கும். முடியும்போது நீ என்ன செய்தாய் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள். எனக்கு இன்டர்வியூ அழைப்பு வாங்கித் தந்தது அந்த ஒரு தாள்தான்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இரு. அங்கே பார்க்கும் பெயர், நோய் எதையும் வீட்டில்கூடச் சொல்லாதே, கேஸ் ஷீட்டை போனில் படம் எடுக்காதே. தெரிந்தவர் ஒருவரின் கேஸ் கையில் வந்தாலும் வாய் திறக்கக்கூடாது. இன்னொன்று, லாபத்துக்கு நடக்கும் கம்பெனி 'ஆறு மாதம் சும்மா வேலை செய், பிறகு பார்க்கலாம்' என்றாலோ, டெபாசிட் கட்டச் சொன்னாலோ எழுந்து வந்துவிடு. உன் இலவச உழைப்பு ஏழை நோயாளிக்குப் போகட்டும். அதை விற்றுக் காசாக்குபவருக்குப் போகக்கூடாது.

டிரான்ஸ்கிரிப்ஷனில் இடம் கிடைக்காவிட்டாலும் இந்த மூன்று மாதம் வீணாகாது. மெடிக்கல் கோடிங்கிற்கும், ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் வேலைக்கும் இதே புரிதல்தான் அடிப்படை. சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன், பஸ் செலவுக்கும் மாதாமாதம் அனுப்புகிறேன், அதைப் பற்றி யோசிக்காதே.

திங்கட்கிழமை காலையில் சர்டிஃபிகேட் நகலை எடுத்துக்கொண்டு கிளம்பு. ஓ.பி. கூட்டம் குறைந்த பிறகு அதிகாரியைப் பார்த்தால் நின்று பேசுவார். என்ன சொன்னார் என்று அன்று ராத்திரியே எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா