டிப்பருக்குத் தெர்மாமீட்டர் வைத்த கதை

கொஞ்ச நாளாக இங்கே ஆணி அதிகம், எழுத உட்காரவே முடியவில்லை. போன வாரம் ஒரு தம்பி, "அண்ணே, பழைய டர்போ டீசல் லாரிக்கு எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் கேஜ் மாட்டணும், ஓட்டை எங்கே போடுறது?" என்று மெயிலில் கேட்டிருந்தார். பதில் எழுத ஆரம்பித்தால் பழைய விஷயம் ஒன்று கூடவே கிளம்பி வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். (கிரீஸ் வாசனை ஆகாதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிக்கொள்ளலாம் :-))

2014 கோடை. இமாச்சலில், கின்னௌர் பக்கம், சட்லெஜ் கரையில் ஒரு நீர்மின் திட்ட வேலை. டிப்பர்களைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. ஆற்றங்கரையிலிருந்து மேலே கொட்டும் இடம் வரை ஒரே ஏற்றம், முழு லோடு. அந்த சீசனில் மட்டும் இரண்டு எஞ்சின் போனது. இரண்டிலும் பிஸ்டன் தலை, மெழுகுவர்த்தி மாதிரி ஓரம் உருகி வழிந்திருந்தது. இரண்டுக்கும் ரிப்போர்ட் எழுதினது நான்தான். "டிரைவர் தவறான கியரில் ஓட்டியதால்" என்று ஒரு வரி. அந்த வரியை வைத்து இரண்டு டிரைவர்களின் சம்பளத்திலும் மாதாமாதம் பிடித்தார்கள்.

மூன்றாவது வண்டியின் டிரைவர் உள்ளூர்க்காரர், ஐம்பது வயசு. எல்லோரும் உஸ்தாத்ஜி என்போம். ஒருநாள் வந்து, "இஞ்ஜினியர் சாப், என் வண்டியும் அப்படித்தான் கருப்பா புகைவிடுது. நாளைக்கு உருகினா என் மேலயும் எழுதுவீங்களா?" என்றார். கோபமெல்லாம் இல்லை. தகவல் கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் கேஜ் யோசனை வந்தது.

விஷயம் இதுதான். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் ஒரு கணக்காகச் சேர்ந்து போகும். டீசலில் காற்று வருகிறபடி வரும், ஆக்சிலேட்டர் மிதித்தால் கூடுவது டீசல் மட்டும். காற்று அதே அளவு, டீசல் அதிகம் என்றால் சூடு ஏறிக்கொண்டே போகும். மலை உயரத்தில் காற்றும் மெலிசு. 3000 மீட்டரில் கடல் மட்டத்தைவிடக் கால்பங்கு குறைவு. டர்போ அதைக் கொஞ்சம் சரிக்கட்டும், முழுசாக அல்ல. அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில், பிஸ்டன் செய்கிற கலவை அதற்கும் கீழே. டர்போவுக்கு முன்னால் புகை 700 டிகிரியைத் தாண்டினாலும் பிஸ்டன் உடனே உருகாது. அடியிலிருந்து ஆயில் குளிர்விக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. ஆனால் ஏற்றத்தில் நிமிஷக்கணக்காக அதே சூடு நின்றால் தாங்காது. ரேடியேட்டர் முள்ளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தண்ணீர் சூடாவதற்குள் இங்கே கதை முடிந்திருக்கும்.

கேஜ் டெல்லியிலிருந்து வந்தது. டிஜிட்டல், கே டைப் தெர்மோகப்பிள். சென்சாரை டர்போவுக்குப் பின்னால் மாட்டினால் வேலை சுலபம், ஆனால் லோடில் நூறு, இருநூறு டிகிரி குறைத்துக் காட்டும். பிஸ்டனின் கதி தெரிய வேண்டுமென்றால் முன்னால், மேனிஃபோல்டில்தான் போட வேண்டும். எங்கள் ஆறு சிலிண்டர் எஞ்சினில் முதல் மூன்றுக்கு ஒரு வழி, பின் மூன்றுக்கு ஒரு வழி. முந்தைய இரண்டிலும் உருகினது ஐந்தாவது சிலிண்டர் என்பதால் பின் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

மேனிஃபோல்டைக் கழற்றாமலே, டிரில்லிலும் டேப்பிலும் கிரீஸ் தடவி ஓட்டை போடுகிறவர்கள் உண்டு. இரும்புத் தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. பெரும்பாலும் ஒட்டும்தான். ஒட்டாத ஒரு துணுக்கு, நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று சுற்றும் டர்பைன் இறக்கையில் போய் அடித்தால்? நான் கழற்றி மேஜையில் வைத்துத்தான் போட்டேன். 8.7 மில்லிமீட்டர் ஓட்டை, எட்டில் ஒரு இஞ்ச் டேப்பர் மரை. சென்சார் முனை புகை போகும் வழியின் நடுவில் நிற்க வேண்டும், சுவரோடு ஒட்டினால் சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

அப்புறம் என் அறிவாளித்தனம். வண்டி 24 வோல்ட், கேஜ் 12. அதற்குப் பாட்டுப்பெட்டிக்குப் போடும் கன்வர்ட்டரைப் போட்டுச் சமாளித்தேன். தெர்மோகப்பிளில் இரண்டு ஒயர், மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்புதானே பிளஸ்? ஸ்டார்ட் பண்ணினோம். எண் 21-லிருந்து கீழே இறங்கியது. பத்து, பூஜ்யம், மைனஸ் நாற்பது! உஸ்தாத்ஜி என்னைப் பார்த்தார். "சாப், எஞ்சின் ஐஸ் ஆகுதா?" அமெரிக்க வண்ணக் கணக்கில் சிவப்புதான் மைனஸ். தெரிந்திருந்தும் கை பழக்கத்துக்குப் போய்விட்டது :-(

மாற்றி மாட்டிவிட்டு லோடோடு ஏறினோம். நான் பக்கத்து சீட்டில், கையில் நோட்டு. சமதளத்தில் 400. ஏற்றம் ஆரம்பித்ததும் நாலாவது கியரில் 650, 700, 740. கடைசி வளைவுக்கு முன்னால் 780. கருப்புப் புகை கண்ணாடியை மறைத்தது. "மூணாவது போடுங்க" என்றேன். போட்டார். சுற்று கூடியது, காற்று கூடியது, மெல்ல 710-க்கு இறங்கியது. ஆக, கியர் விஷயத்தில் நான் எழுதியது முழுப்பொய் இல்லை. டீசல் மிச்சம் பிடித்தால் படி உண்டு என்று சொல்லிவைத்திருந்ததால் எல்லோரும் மேல் கியரிலேயே இழுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் சரியான கியரிலும் 710 ஏன்? திரும்பி வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றினால் செங்கல் மாதிரி இருந்தது. பிறகு டீசல் பம்பைப் பார்த்தேன். அதிகபட்ச டீசலை நிர்ணயிக்கும் ஸ்க்ரூவுக்கு ஈய சீல் இருக்கும். அது இல்லை. கம்பி மட்டும் தொங்கியது. ஒரு நாளைக்கு ஒரு டிரிப் கூடுதலாக வரட்டும் என்று யாரோ மேலிருந்து சொல்லி, எங்கள் ஃபிட்டரே ஏற்றி வைத்திருக்கிறார். என் ஒர்க்‌ஷாப்பில், எனக்குத் தெரியாமல். உருகின அந்த இரண்டு எஞ்சின்களின் பம்புகளும் ஸ்டோரில்தான் கிடந்தன. போய்ப் பார்த்தேன். இரண்டிலும் சீல் இல்லை. ரிப்போர்ட் எழுதும்போது அவை என்னிடமிருந்து இருபதடி தூரத்தில் இருந்தன.

பம்பைப் பெஞ்சில் வைத்துப் பழைய அளவுக்கு இறக்கி, ஃபில்டர் மாற்றி, அதே லோடு, அதே ஏற்றம். மூணாவது கியரில் 620.

எண்களையெல்லாம் எழுதிப் புது ரிப்போர்ட் கொடுத்தேன். ஒரு டிரைவருக்குப் பிடித்தம் நின்றது, பிடித்ததில் இரண்டு மாதப் பணம் திரும்பியது. இன்னொருவர் பலாமு மாவட்டத்துக்காரர், அதற்கு முன்பே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். "ஃபைல் குளோஸ்" என்றார்கள் அக்கவுண்ட்ஸில். அவர் கொடுத்திருந்த நம்பர் அணைந்திருந்தது. அவருடைய ஊர்க்காரப் பையன் ஒருவனிடம் சொல்லியனுப்பினேன். பதில் வரவில்லை.

உஸ்தாத்ஜிக்குக் கேஜ் ரொம்பப் பிடித்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்ததும் எண் 200-க்குக் கீழே வரும்வரை சும்மா ஓடவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார், டர்போ பேரிங்கில் ஆயில் கருகாமல் இருக்க. சங்ககிரியில் லாரி ஓட்டிய என் மாமா இதையே கேஜ் இல்லாமல் செய்வார். அவருக்கு ஒரு பீடி முடிகிற நேரம்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 லாரிகளில் இந்தச் சூட்டைப் பார்க்கும் சென்சார் பெரும்பாலும் கம்பெனியிலிருந்தே வருகிறது, நாம் ஓட்டை போட வேண்டியதில்லை. தம்பி கேட்டது பழைய வண்டிக்கு. ஓட்டை எங்கே என்று மேலே சொல்லிவிட்டேன். ஆனால் தம்பி, உங்கள் வண்டி 12 வோல்ட்டா 24-ஆ என்று எழுதவே இல்லையே?